பன்னிரண்டாவது கமான் பட்டை

அத்தியாயம் 4

மேஜையின் மேல் பதினோரு இரும்புத் துண்டுகள் பிணங்களைப் போல் வரிசையாகக் கிடந்தன. பதினொன்றும் உடைந்த கமான் பட்டைகள். லாரியின் மொத்தச் சுமையையும் சக்கரத்துக்கு மேலே வில்லாக வளைந்து தாங்கி நிற்பவை.

"பதினோரு நாளு, பதினோரு பட்டை! தெனம் ஒன்னு! ஒன்னு ஒடைஞ்சா அன்னைக்கு மிச்ச லோடும் படுத்துருது! அதுவும் ஒரே எடத்துல!" என்று கல்குவாரி சோலையப்பன் மேஜையை ஓங்கிக் குத்தினார். அந்தக் குத்தில் இலுப்பூர்க் கடைத்தெருவில் நாலு தராசுகள் தாமாக ஆடின. ஐந்தாவது தராசு எப்போதுமே ஆடுகிற தராசு என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

எதிரே குடையை முழங்காலுக்கு நடுவே நட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் துப்பறியும் செபமாலை. ஆறடி உயரம். அதில் மூக்கின் பங்கு மட்டும் அரையடி இருக்கும். அவர் பக்கத்தில் உதவியாளன் சேக் அலாவுதீன். கட்டுமாவடிக்காரன், நாற்பது வயது, அதில் பத்து வருஷம் லாரி கிளீனர். அப்புறம்தான் துப்பறிய வந்தான். இரண்டு வேலையிலும் அழுக்கைத்தானே துடைக்கிறோம் என்பான்.

"ஆளு யாருன்னு சாயந்தரத்துக்குள்ள எனக்குத் தெரியணும் செபமாலை. அதே எடத்துல நிக்க வச்சு, இதே பட்டையால அவன் ரெண்டு முட்டியையும் ஒடைக்கணும். அதுவரைக்கும் எனக்குச் சோறு எறங்காது."

மேஜையோரம் எலும்பு மட்டும் மிஞ்சிக் கிடந்த இரண்டு தட்டுகளை அலாவுதீன் பார்த்தான். "எறங்காமலே இவ்வளவு போயிருக்கே மொதலாளி" என்றான்.

"யார் மேலே சந்தேகம்?" என்றார் செபமாலை அவசரமாக.

"ரோடு மேஸ்திரி கருப்பன் மேல வரணும். ஆனா வராது. அவனத்தான் நானே உள்ள தள்ளிட்டேனே!" சோலையப்பன் மீசையில் சிரிப்பு ஓடியது. "போன வருசம் சர்க்காரு புதுசாத் தாரு ரோடு போட்டுச்சு. ஒம்பதே மாசத்துல குழி குழியாப் போச்சு. ஏன் போச்சுன்னு ஹைவேஸ்ல கேட்டாக. நான் ஒரு மனு போட்டேன். தாரு காய்ச்சுன மேஸ்திரி கருப்பன் தாரைத் திருடி வித்துப்புட்டு, மிச்சத்துல மண்ணெண்ணெயைக் கலந்துட்டான்னு. இன்னையோட பன்னெண்டு நாளா சப்-ஜெயில்ல கெடக்கான். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஓவர்சியர் ரிப்போர்ட்டு கோர்ட்டுக்குப் போகுது. போச்சுன்னா ரெண்டு வருசம் களிதான்."

"அவர் வீட்டில் யாரும் வந்து கேட்கவில்லையா?"

"பொண்டாட்டிக்காரி வந்தா. வாசல்ல நின்னு மண்ணை வாரித் தூத்திட்டுப் போனா. தூத்தட்டுமே, எங் குவாரியில மண்ணா இல்ல?"

செபமாலை எழுந்தார். "சாயந்தரம் பேரைச் சொல்கிறேன். இது வாக்கு."

*

சோலையப்பனின் காலி லாரி ஒன்று இருவரையும் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைப் பக்கம் புறப்பட்டது. டிரைவர் நாகராசு கண்ணில் பயமும் இடுப்பில் பிளாஸ்திரியுமாக ஓட்டினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது மாசி வெயில், தார் ரோட்டில் தோசை வார்க்கலாம் என்கிற அளவுக்குக் காய்ந்தது. அன்னவாசலைத் தாண்டி இரண்டு மைலில், ரோட்டில் பரப்பியிருந்த ஏதோ செடி கொடிகள் மேல் லாரி தொட்டிலைப் போல் ஒரு முறை மெல்ல ஆடிக் கடந்தது. தூங்கிக்கொண்டிருந்த அலாவுதீன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அடுத்த நொடியே லாரி நின்றது.

"இதாங்க அந்தக் குழி" என்றார் நாகராசு. "இதுக்கிட்ட வரும்போதுதான் டங்குனு ஒடையும். மொதலாளியோட ஆளுக பதினோரு நாளா குழிக்குள்ள தேடுறாக. ஆணி இல்ல, கல்லு இல்ல, கம்பி இல்ல. முனி வேலைன்னு சொல்லி நேத்து ஒரு சேவலையும் அறுத்துட்டாக."

"சேவல் எங்கிட்டு?" என்று கேட்டபடி அலாவுதீன் விழித்துக்கொண்டான்.

செபமாலை குழியை எட்டிப் பார்த்தார். ஆட்டுக்கல் ஆழத்துக்குக் குடைந்திருந்தது. பிறகு குழியை விட்டுவிட்டு ரோட்டை அகலவாக்கில் பார்த்தார். இரண்டு லாரி எதிரெதிரே ஒதுங்காமல் போகக்கூடிய அகல ரோடு. புதுக்கோட்டை போகிற இடது பக்கம் அம்மைத் தழும்பு விழுந்த முகம். இலுப்பூர் திரும்புகிற வலது பக்கம் எண்ணெய் தேய்த்த முகம். அதில் தலை வாரிக்கொள்ளலாம்.

"நாகராசு, இந்தப் பக்கம் எது போகும்?"

"லோடு போகுங்க. அங்கிட்டு காலியாத் திரும்பும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இரண்டு பக்கமும் ஒரே நாளில், ஒரே பீப்பாய்த் தாரில் போட்டதுதானே? அலாவுதீன், தார் திருடுகிறவன் இடது பக்கத்துத் தாரை மட்டுமா திருடுவான்?"

"இடதுகைப் பழக்கம் உள்ளவனா இருப்பானோ அண்ணே?"

"கருப்பன் திருடவில்லை. ரோட்டை ஏதோ கனம் உடைத்திருக்கிறது. அது இருக்கட்டும், பட்டையை உடைத்தது யார்? குழியை எண்ணு."

அலாவுதீன் எண்ணினான். முன்னால் ஒன்று, அதைத் தாண்டி ஒன்று, அதையும் தாண்டி ஒன்று. மூன்று குழிகள். ஆழம் மட்டும் போகப் போகக் குறைந்தது. தப்படி வைத்து அளந்தான். முதல் குழிக்கும் இரண்டாவதுக்கும் ஏழு தப்படி. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் அதே ஏழு.

அவன் முகம் திடீரென்று மலர்ந்தது. "அண்ணே! நான் கிளீனரா இருந்தப்ப லோடு மேலதான் படுத்துக்கிட்டுப் போவேன். ரோட்டுல ஒரு மேடு வந்துச்சுன்னா வயிறு ஒருவாட்டி எகிறாது, மூணுவாட்டி எகிறும். மொத எகிறுல தின்னது தொண்டைக்கு வரும், ரெண்டாவதுல பாதி வரும், மூணாவதுல ஏப்பம்."

"அதேதான். லாரி மேட்டில் எகிறும், தள்ளிப் போய் விழும். விழுகிற வேகத்தில் லாரி ரோட்டுக்கு இரண்டு மடங்காகக் கனக்கும். குழி விழும். மறுபடி எகிறும், மறுபடி விழும். அடிபட்ட இடம் இது. அடித்த இடம் பின்னால் இருக்கிறது."

"அப்ப பதினோரு நாளா எல்லாரும் காயத்துக்குள்ள கத்தியத் தேடியிருக்காக!"

முதல் குழிக்கு முதுகைக் காட்டி இருவரும் பின்னோக்கி நடந்தார்கள். ஐந்து, ஆறு, ஏழு. ஏழாவது தப்படியில் அலாவுதீனின் கால் மெத்தென்று பதிந்தது. லாரி தொட்டிலாய் ஆடிய அதே இடம். ரோட்டில் பத்தடி நீளத்துக்குக் கொள்ளுச் செடி காயப் போட்டிருந்தது. மாசியில் கொள்ளுச் செடியை ரோட்டில் பரப்பினால், போகிற வண்டியெல்லாம் காசு வாங்காமல் கதிரடித்துக் கொடுத்துவிட்டுப் போகும். எந்த டிரைவரும் அதை ஏனென்று கேட்க மாட்டார்.

கவைக் கம்பால் செடியைப் புரட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். ஐம்பது வயதிருக்கும். கை இரண்டும் கருங்கல்லில் கொத்தியெடுத்த மாதிரி இருந்தன. அந்தக் கண்களில் இருந்த சூட்டுக்கு, பீடியை நீட்டியிருந்தால் பற்றிக்கொண்டிருக்கும்.

"ரெண்டு கை கொள்ளு எடுத்துக்கிறேன் அக்கா, ரசம் வைக்க" என்று அலாவுதீன் குனிந்தான். கிளறினான். உதறினான். ஒரு கொத்தை வாயிலேயே போட்டு மென்று பார்த்தான். ஒரு மணி இல்லை. "என்னக்கா இது, வெறும் சக்கை! பத்து நாளைக்கு முன்னாடியே மணியெல்லாம் உதுந்து போயிருச்சே. சக்கையப் போட்டு யாராச்சும் தெனம் அடிப்பாகளா?"

"எஞ் சக்கை, நான் அடிக்கிறேன். ஒனக்கு எங்க வலிக்குது?"

அப்போது இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டை போகிற பஸ் ஒன்று, ஆட்கள் கூரை வரை நிரம்பி, அந்தச் சக்கையின் மேல் ஏறியது. மெல்ல ஒரு ஆட்டம். கூரையில் இருந்த ஒரு கிழவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். விரல் நடுங்காமல் தடவி முடித்தார். பஸ் போய்விட்டது.

செபமாலை குடை நுனியால் சக்கையை விலக்கினார். அடியில் ஜல்லியும் தாருமாக ஒரு மேடு. இந்தப் பக்கமும் சாய்வு, அந்தப் பக்கமும் சாய்வு, நடுவில் நாலு விரலை அடுக்கிய உயரம், நாலு விரக்கடை. கொத்தனார் பூசிய சுவர் மாதிரி வழவழப்பு.

"அருமையான வேலை. இது உங்கள் கைவேலையா?"

அவள் மறைக்கவில்லை. கம்பை ஊன்றி நிமிர்ந்தாள். "ஆமா. எம் பேரு முனியாயி. கருப்பன் மேஸ்திரி சம்சாரம். பதினஞ்சு வருசமா ரோட்டு கேங்குல கல்லு சொமந்தவ."

"பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலி லாரிக்கும் ஆகவில்லை. சோலையப்பன் லாரிக்கு மட்டும் உடைகிறதே, எப்படி?"

"அவன் மனு போட்ட ஒடனேயே, எம் புருசனைப் புடிச்சுட்டுப் போறதுக்கு முன்னாடி, நாலு நாளு இந்தப் புளிய மரத்தடியில உக்காந்து பாத்தேன்யா. கதவுல எழுதியிருக்கிற மாதிரி அஞ்சு டன்னு ஏத்துன லாரிக்குக் கமான் அமுங்கும். அமுங்குனாலும் மேல இன்னும் நாலு விரக்கடைக்கு எடம் மிச்சம் இருக்கும். அவன் லாரி ஒம்பது டன்னு ஏத்திட்டு வரும். கமான் அப்பவே மட்டமாப் படுத்துக்கிட்டுத்தான் வரும். மிச்சமே கெடையாது. அதான் நாலு விரக்கடைக்கு மேடு போட்டேன்." அவள் குரல் உயரவில்லை. "ஒழுங்கா ஏத்திட்டுப் போறவனுக்கு இது தொட்டிலு. கூட ஏத்துறவனுக்குச் சம்மட்டி."

அலாவுதீன் வாயில் இருந்த சக்கையைத் துப்ப மறந்துவிட்டான்.

"அவன் லாரிதான் ரோட்டை ஒடைச்சுச்சு. பழியத் தூக்கி எம் புருசன் தலையில வச்சான். காய்ச்சுற தாருல சருகு விழுந்தாக் கூட ரெண்டு நாளு பேசாத மனுசன்யா அவரு. அவரு உள்ள கெடக்குற ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பட்டை. எண்ணிக்கிட்டேதான் இருக்கேன்."

"தார் எங்கே கிடைத்தது?"

"கேங்குக் கொட்டகையில அரைப் பீப்பா மிச்சம் கெடந்துச்சு. அவரு மண்ணெண்ணெய் கலந்தாருன்னு சொன்னானே, அதே பீப்பா. நம்பரு கூட அழியல."

செபமாலை மேட்டின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினார். மாசி வெயிலிலும் நகம் பதியவில்லை. அவர் மூக்கு மெல்லச் சிவந்தது. ஏதாவது புரிந்தால் அது சிவக்கும்.

"மூன்று மணிக்கு ஓவர்சியரோடு வருகிறேன். சக்கையைக் கூட்டி ஓரமாக வைத்துவிடுங்கள்."

"காட்டிக் குடுக்கப் போறீகளா?"

"பேரைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

லாரியில் ஏறும்போது அலாவுதீன் தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே, அந்த ஆளு முட்டிய ஒடைப்பாரு. ஒங்க வாக்கைக் கொண்டுபோய்க் கட்டுமாவடிக் கடல்ல போட்டுட்டு வந்துருவோமே!"

"முட்டி யாருடையது என்று முடிவாகட்டும்."

*

மூன்று மணிக்கு ரோட்டோரம் திருவிழாக் கூட்டம். ஓவர்சியர் செல்லமுத்து சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு நின்றார். சிரித்தால் பென்ஷன் குறையும் என்று யாரோ சொல்லிவிட்ட மாதிரி முகம். சட்டைப் பையில் நாளைக்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டிய ரிப்போர்ட். கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலி.

சோலையப்பன் வந்திறங்கினார். கையில் பதினோராவது பட்டை. மேட்டையும் அதன் அருகே நின்ற முனியாயியையும் பார்த்ததும் பல் கடிபட்ட சத்தம் புதுக்கோட்டை வரை கேட்டிருக்கும்.

"இவளா! ஓவர்சியர் சார், பாத்துக்குங்க! இவதான் என் லாரிகளை ஒடைக்கிறா. புருசன் தாரைத் தின்னான், பொண்டாட்டி என் பட்டையத் திங்கிறா!"

"மேடு இருக்கிறது. ஆனால் இதனால்தான் உடைகிறது என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்றார் செல்லமுத்து.

"இப்பவே காட்டுறேன். நாகராசு, வண்டிய ஏத்துடா!"

நாகராசு லாரியைக் கொண்டுவந்தார். அதிகாரி நிற்கிறார் என்பதால் சோலையப்பன் அன்றைக்கு அதில் அளந்து ஐந்து டன் கல்தான் ஏற்றியிருந்தார். லாரி மேட்டில் ஏறியது, தொட்டிலாய் ஆடியது, இறங்கியது. குழியைக் கடந்தது. ஒரு சத்தமும் இல்லை. அலாவுதீன் ஒரு தாலாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தான்.

"ஒன்றும் ஆகவில்லையே" என்றார் ஓவர்சியர்.

"திரும்ப ஏத்து!"

திரும்ப ஏற்றினார்கள். திரும்பவும் தொட்டில். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஓவர்சியர் சைக்கிளைப் பார்த்தார். முனியாயி கம்பில் சாய்ந்து நின்று சோலையப்பனையே பார்த்தாள். இமைக்கவே இல்லை.

"புகார் பொய் என்று எழுதிக்கொண்டு போகட்டுமா?" என்று ஓவர்சியர் கேட்டதுதான் தாமதம்.

"பொய்யா? எம் புகாரா பொய்?" சோலையப்பன் துண்டை உதறித் தரையில் அடித்தார். கண் முழுக்கப் பழி. அந்தப் பெண்ணின் முட்டியைத் தவிர உலகத்தில் வேறெதுவும் அவருக்குத் தெரியவில்லை. "இந்த லோடுக்கு ஒடையாது சார்! இது என்ன லோடு, பிள்ளைகுட்டி வெளையாடுற லோடு! டேய், ஓவர்சியர் போற வரைக்கும் அன்னவாசல்ல ஒளிச்சு நிறுத்தச் சொன்னேனே, அந்த லாரியக் கொண்டாங்கடா! நானே உக்காந்து வாரேன். சார், நீங்க கண்ணை எடுக்காமப் பாருங்க!"

அலாவுதீன் செபமாலையின் காதில், "அண்ணே, இவருக்கு வக்கீலே வேணாம். ரெண்டு கட்சிக்கும் இவரே பேசுறாரு" என்றான்.

இரண்டாவது லாரி வந்தது. கல்லுக் குவியல் கூரைக்கு மேலே தெரிந்தது. டயரெல்லாம் பிதுங்கி வழிந்தன. டிரைவர் பக்கத்தில் சோலையப்பன் தேரில் ஏறிய சாமி மாதிரி உட்கார்ந்திருந்தார். லாரி மேட்டில் ஏறியது. எகிறியது. சாமியும் எகிறித் தலை கூரையில் இடித்தது. ஏழு தப்படி தள்ளிச் சக்கரம் குழியில் இறங்கியபோது பூமி ஒருமுறை விக்கியது. தார்ச் சில்லுகள் நாலு பக்கமும் பறந்தன.

டங்!

லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நெற்றி புடைக்க சோலையப்பன் குதித்து இறங்கி, வண்டிக்கு அடியில் கையை விட்டு உடைந்த பட்டையை உருவி வானத்தில் தூக்கிப் பிடித்தார். அப்படியொரு வெற்றிச் சிரிப்பு.

"பாத்தீகளா! இதான் அத்தாட்சி! தெனம் இப்பிடித்தான் ஒடையுது!"

"தினமும் இதே லோடா?" ஓவர்சியர் குரல் மிகவும் மரியாதையாக இருந்தது.

"தெனம் இதே லோடுதான்! ரோடு போட்ட நாளையிலேருந்து ஒரு நாளு கொறைச்சது இல்ல!"

செல்லமுத்து லாரிக் கதவில் எழுதியிருந்த 'ஐந்து டன்' என்பதைப் படித்தார். கல்லுக் குவியலைப் பார்த்தார். இடது பக்க ரோட்டைப் பார்த்தார். வலது பக்க ரோட்டைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

சோலையப்பனின் கை மெல்லக் கீழே இறங்கியது. சிரிப்பு மட்டும் இறங்க வழி தெரியாமல் முகத்திலேயே தொங்கியது.

"பேரைச் சொல்வதாக வாக்குக் கொடுத்தேன் இல்லையா?" என்றார் செபமாலை. "உங்கள் பட்டைகளை உடைத்தவர் பெயர் சோலையப்பன். ரோட்டை உடைத்தவர் பெயரும் அதுதான். முட்டி சமாசாரத்தை உங்கள் இஷ்டத்துக்கு விடுகிறேன்."

"மேடு போட்டது குத்தமில்லையா? அவளை விட்டுருவீகளா?" என்று சோலையப்பன் கிறீச்சிட்டார்.

ஓவர்சியர் மேட்டருகே குந்தினார். கையால் தட்டினார். சைக்கிள் பையிலிருந்து சுத்தியை எடுத்தும் தட்டினார். ணங்கென்றது. "முனியாயி, குழிக்கு ஒட்டுப் போட்டா வண்டி ஏறி அமுங்கட்டும்னு ஒரு விரக்கடை ஒசத்திப் போடுறது நம்ம கேங்கு வழக்கம். நீ நாலு விரக்கடை போட்டிருக்கே."

"அமுங்கும்னுதான்யா பாத்தேன். பன்னெண்டு நாளா ஒம்பது டன்னு ஏறுது, அமுங்க மாட்டேங்குது. எம் புருசன் மண்ணெண்ணெய் கலந்தாருன்னாகளே, அதே பீப்பாத் தாருங்க. கலந்திருந்தா இந்த வெயிலுக்கே எளகி ஓடியிருக்காதா? கொட்டகையில நம்பரு இருக்கு, வந்து பாத்துக்குங்க."

செல்லமுத்து சுத்தியைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்தார். நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், கிழித்தார். கேங்கில் பத்து வருஷமாக அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை, முகத்தைப் புளிய மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"புது ரிப்போர்ட் இன்றைக்கே எழுதுகிறேன். நாளைக்குக் கருப்பன் வெளியே வந்துவிடுவார்" என்றவர், குரலைக் கடுமையாக்கிக்கொண்டார். "ஆனால் இந்த மேட்டை நீ முதல் வேலையாக வெட்டி எடுத்துவிட வேண்டும்."

"எடுக்குறேன்யா." முனியாயி கவைக் கம்பை எடுத்தாள். "எங்க மேஸ்திரி இந்த ரோட்டுல நடந்து வாரத எங் கண்ணால பாத்ததும் எடுக்குறேன். அதுக்கு இன்னும் ஒரு நாளு கெடக்கு."

ஓரத்தில் குவித்திருந்த சக்கையை வாரி, மேட்டின் மேல் நிதானமாகப் பரப்ப ஆரம்பித்தாள். ஓவர்சியருக்கு அந்த நேரம் பார்த்துச் சைக்கிள் செயினைச் சரி செய்ய வேண்டியிருந்தது.

அன்னவாசல் பக்கமிருந்து ஒரு ஹாரன் சத்தம். சோலையப்பனின் மூன்றாவது லாரி. வழக்கமான நேரம், வழக்கமான லோடு. சோலையப்பன் ஒரு நொடி சக்கையைப் பார்த்தார், மறு நொடி ரோட்டைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரிக்கு எதிரே ஓடினார். இருபது வருஷமாக நடக்கக்கூட மறுத்த உடம்பு அப்படி ஓடும் என்று இலுப்பூரில் யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

"நிறுத்துடா! எறக்குடா! பாதிய எறக்குடா!"

டிரைவருக்கு அது காதில் விழவில்லை போலிருந்தது. முதலாளி கையசைத்து வரவேற்கிறார் என்று நினைத்து, அவரும் சந்தோஷமாகக் கையசைத்துக்கொண்டே வந்தார்.

பட்டைக்கு ஒரு விரலாக எண்ணிக்கொண்டு வந்த முனியாயி, பத்து விரலும் எப்போதோ தீர்ந்துவிட்ட பிறகு, இந்தப் பதின்மூன்றாவது பட்டைக்கு விரலுக்கு எங்கே போவது என்று யோசித்தாள். அலாவுதீன் ஓடிப் போய்த் தன் கையை நீட்டினான்.